ஆடுகளமும் அறப்போரும்

‘விளையாட்டுத்தானே!’ என்னும் சொல் நம் நாவில் எளிதாக வந்துவிடுகிறது. சிறு பிள்ளைகளின் பூசலைத் தீர்க்கவும் அச்சொல்லையே ஆள்கிறோம். பெரியோர் செய்யும் பிழையை மறைக்கவும் அச்சொல்லையே ஆள்கிறோம். ஆயின், பல்லாயிரவர் கூடியிருக்க, கொடி பறக்க, நாட்டுப்பண் முழங்க, ஒரு நாட்டின் பெயரையோ ஒரு சமூகத்தின் பெயரையோ தாங்கி இளைஞர் சிலர் களத்தில் இறங்கும்பொழுது அது வெறும் விளையாட்டாக நின்றுவிடுவதில்லை. வெற்றி வந்தால் நாடே வென்றதாக மகிழ்கிறோம். தோல்வி வந்தால் நாடே தோற்றதாக வாடுகிறோம். அங்ஙனமாயின், அந்த நாட்டில் ஒரு குறை இருக்கும்பொழுது அதனைக் களத்தில் நின்று எடுத்துரைக்க ஆட்டக்காரனுக்கு உரிமை உண்டா, இல்லையா? நாட்டுப்பற்று என்பது கொடியை வணங்குவதோடு முடிந்துவிடுகிறதா?

அண்மைக் காலத்தில் இவ்வினாவை உலகெங்கும் எழுப்பியது அமெரிக்கக் கால்பந்தாட்டம். அமெரிக்கர் கால்பந்து என்று வழங்குவது நாம் காலால் உதைத்தாடும் ஆட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு, மல்லர்போல் மோதி ஆடும் ஆட்டம் அது. அங்கே ஆட்டம் தொடங்குமுன் நாட்டுப்பண் இசைப்பதும், அனைவரும் எழுந்து நிற்பதும் வழக்கம். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சான் பிரான்சிஸ்கோ அணியைச் சார்ந்த காலின் கேப்பர்னிக் என்னும் இளைஞர் நாட்டுப்பண் ஒலித்தபொழுது எழாமல் அமர்ந்திருந்தார். கறுப்பின மக்கள் காவலர் கையில் படும் கொடுமையைச் சுட்டவே அவ்வாறு செய்ததாக அவர் காரணமும் கூறினார். பின்னர், முன்னாள் படைவீரர் ஒருவரோடு கலந்து பேசி, படைவீரரை அவமதித்ததாக ஆகாதிருக்கும் பொருட்டு, அமர்வதை விடுத்து ஒரு காலை மண்டியிடத் தொடங்கினார். அவரை நாட்டுத் துரோகி என்றனர் ஒரு சாரார். நாட்டின் மனச்சான்று என்றனர் மற்றொரு சாரார். மண்டியிடுவோரை அணிகளிலிருந்து நீக்கவேண்டும் என்று 2017-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் டிரம்ப்பே மேடையில் முழங்கினார். அந்த ஆண்டு தொடங்கி எந்த அணியும் கேப்பர்னிக்கை ஏற்கவில்லை. 2020-இல் ஜார்ஜ் பிளாய்டு என்பார் காவலரின் முழங்காலின்கீழ் உயிர்நீத்த பின்னரே, ஆட்டக்காரரின் குரலுக்கு முன்னமே செவிசாய்க்காதது தவறு என்று அவ்வாட்டத்தின் தலைமையாளர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான், இழந்த களம் அவ்விளைஞருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இதனை எங்கோ நடந்த செய்தி என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. இதே வினா, ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நாம் குடியேறி வாழும் இந்த மண்ணில் எழுந்தது. அதன் பின்னரும் பலமுறை எழுந்தது. தாபோடியில் மின்வண்டி ஏறி ஒரு திசையில் சென்றால் பழைய பூனா நகரம். மறுதிசையில் தேகு ரோடு வழியே சென்றால் ககுஞ்சே என்னும் ஊரின் பெரிய விளையாட்டரங்கம். இவ்விரு முனைகளுக்கும் இடையே, ஆடுகளத்தில் நிகழ்ந்த அறப்போரின் நெடிய வரலாறு ஒன்று கிடக்கிறது. அதனை அறிந்துகொள்ளுதல் இவ்வூர்த் தமிழருக்குப் பயன் தரும் என்று கருதுகிறேன்.

மட்குவளையில் தேநீர்

பால்வங்கர் பாலூ என்னும் பெயரை இன்று நம்மில் பலர் கேட்டிருக்கமாட்டோம். தோல் தொழில் செய்யும் சமார் குலத்தில் பிறந்தவர் அவர். கொங்கணக் கடற்கரையில் உள்ள பால்வண் என்னும் சிற்றூர் அவர்தம் முன்னோரின் ஊர். தந்தையார் இராணுவத்தைச் சார்ந்த வேலையில் இருந்தமையால் குடும்பம் பூனாவுக்கு வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் எறிந்த பழைய மட்டையையும் பந்தையும் கொண்டு ஆட்டம் பழகிய சிறுவர்களில் பாலூவும் ஒருவர். அவர்தம் தம்பியர் சிவராம், விட்டல், கண்பத் ஆகியோரும் அவ்வாறே பழகியவர்.

பாலூ முதலில் பெற்ற வேலை, பார்சி மக்களின் கிரிக்கெட் கழகம் ஒன்றில் தரையைக் கூட்டி உருளை இழுக்கும் வேலை. திங்களுக்கு 3 ரூபாய் கூலி. 1892-ஆம் ஆண்டளவில் அவர் ஐரோப்பியருக்கே உரிய பூனா ஜிம்கானாவில் சேர்ந்தார். கூலி 4 ரூபாய் ஆயிற்று. களத்தைச் செம்மை செய்வதும், வலை கட்டுவதும், ஓய்வு நேரத்தில் துரைமார் மட்டை பழகப் பந்து வீசுவதும் அவர் கடமை. கிரெய்க் என்னும் பேர்பெற்ற மட்டையாளர் நாள்தோறும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பாலூவின் பந்துவீச்சில் பயிற்சி பெற்றார் என்பர். இடக்கையால் மெதுவாக வீசி, பந்தைச் சுழலவிட்டு, எதிரியைத் திகைக்கவைக்கும் வித்தை இங்ஙனமே பாலூவுக்குக் கைவந்தது. ஆயின், பல்லாயிரம் முறை பந்து வீசிய அவர் கையில் ஒரு நாளும் மட்டை கொடுக்கப்படவில்லை. மட்டை எசமானருக்கு உரியது. பந்து வீசுதல் ஏவலருக்கு உரியது.

வெள்ளையரை ஆட்டத்தில் வெல்ல விரும்பிய பூனா இந்துக்கள் இத்திறமையைக் கண்டனர். ஆனால் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய ஒருவரை அணியில் சேர்ப்பதா என்று அவர்களிடையே வழக்கு எழுந்தது. கடைசியில் வெற்றியின்மேல் கொண்ட ஆசை வென்றது; பாலூ சேர்க்கப்பட்டார். களத்தினுள்ளே எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டனர். களத்தைவிட்டு வெளியே வந்ததும் நிலைமை வேறு. ஆட்டத்தின் இடைவேளையில் மற்றவர் மண்டபத்தின் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலூவுக்கு மண்டபத்தின் வெளியே மட்குவளையில் தேநீர் வழங்கப்பட்டது. உணவும் தனி இடத்தில், தனித் தட்டில். அவர் வீழ்த்திய விக்கெட்டுகளின் பெருமை மட்டும் அனைவருக்கும் பொதுவாயிற்று.

விளையாட்டில் அரசியலைப் புகுத்தலாகாது என்போர் இக்காட்சியைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசியலை அங்கே முதலில் புகுத்தியவர் யார்? வெளியே நின்று மட்குவளையில் தேநீர் அருந்தியவரா? உள்ளே இருந்துகொண்டு அதனை வெளியே அனுப்பியவரா? பந்தை உடன்பகிர்வோர் பந்தியையும் உடன்பகிர வேண்டும் என்று நீதிபதி இரானடே போன்ற சீர்திருத்தச் சான்றோர் அன்றே இடித்துரைத்தனர்.

பூனாவில் கொள்ளைநோய் பரவிய காலத்தில் பாலூ பம்பாய்க்குச் சென்றார். அங்கே இந்து ஜிம்கானாவில் இடம்பெற்றார். இரயில்வேயில் வேலையும் பெற்றார். 1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபொழுது, அவ்வெற்றியை ஈட்டித் தந்தோருள் பாலூ முதல்வர். தம்பி சிவராமும் அவ்வணியில் இருந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. ஆள்வோரை ஆளப்படுவோர் வென்ற செய்தி நாடெங்கும் இனித்தது. 1911-ஆம் ஆண்டு பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோல்வியையே கண்டது. எனினும், பாலூ மட்டும் அப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தித் தம் புகழை நிலைநாட்டித் திரும்பினார்.

உடன்பிறந்தாரின் துறவு

இத்துணைத் திறமும் மூப்பும் உடைய ஒருவர் அணித் தலைவர் ஆகியிருக்க வேண்டுவதே முறை. ஆண்டுகள் பல சென்றும் அவருக்கு அத்தலைமை கிடைக்கவில்லை. 1913-இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாய் என்பவரே, தமக்களித்த இப்பதவி மூத்தவரும் அனுபவம் மிக்கவருமான பாலூவுக்கு உரியது என்று பெருந்தன்மையோடு கூறினார். நல்லோர் ஒருவர் அவ்வாறு சொன்னாரேயன்றி, தேர்வுக் குழுவினர் மனம் இளகவில்லை.

1920-ஆம் ஆண்டில் நிலைமை முற்றியது. அவ்வாண்டு நால்வர் போட்டியின் தொடக்க ஆட்டத்திற்குப் பாலூவை அணியில் சேர்க்காமலே விட்டனர். பாய் நோயுற்றிருந்தமையால் தலைமையைப் பேராசிரியர் தேவதரிடம் ஒப்படைத்தனர். தேவதர் பின்னாளில் பெரும்புகழ் எய்திய ஆட்டக்காரரே. ஆயினும் பாலூவின் தம்பியரான விட்டலும் சிவராமும் அந்நாளில் அவரினும் குறைந்தவர் அல்லர். தகுதி இருந்தும் பிறப்பைக் கருதித் தாங்கள் தொடர்ந்து ஒதுக்கப்படுவதை உணர்ந்த உடன்பிறந்தார் இருவரும் அணியைவிட்டு விலகினர். விலகியதற்கான காரணத்தை அறிக்கையாகவும் வெளியிட்டனர். அறிக்கையில் வசைமொழி இல்லை. தன்மானம் மட்டுமே இருந்தது.

இந்திய விளையாட்டு வரலாற்றில் ஆட்டக்காரர் தாமாகவே முன்வந்து நிகழ்த்திய தொடக்ககால அறப்போர்களுள் இது தலைசிறந்த ஒன்று. அவர்கள் கூட்டம் கூட்டவில்லை, கல் எறியவில்லை, ஆட்டத்தைத் தடுக்கவும் இல்லை. தாங்கள் உயிரினும் மேலாக நேசித்த ஆட்டத்தைத் தாங்களே துறந்தார்கள். அவ்வளவுதான். அத்துறவு பம்பாய் மக்களின் உள்ளத்தைத் தொட்டது. இதழ்களில் கண்டனங்கள் எழுந்தன. அவ்வாண்டு டிசம்பரில்தான் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் பேரவை, காந்தியடிகளின் வழிகாட்டலில், ஒத்துழையாமையோடு தீண்டாமை ஒழிப்பையும் வற்புறுத்தியது. நாட்டு விடுதலை கேட்போர் தம் இல்லத்துள் அடிமை வைத்திருத்தல் தகுமோ என்னும் வினா எங்கும் எழுந்தது. ஜிம்கானாத் தலைவர்கள் இறங்கி வந்தனர். பார்சியரோடு நிகழ்ந்த இறுதி ஆட்டத்தில் பாய் தலைவராகவும் பாலூ துணைத் தலைவராகவும் அமைந்தனர், உடன்பிறந்தாரும் திரும்பினர். ஆட்டத்தின் இடையே பாய் களத்தைவிட்டு வெளியேறி நிற்க, அணியை நடத்தும் பொறுப்பு அச்சிறுபொழுதேனும் பாலூவின் கைக்கு வந்தது.

விதைத்தவர் பாலூ, விளைவு கண்டவர் விட்டல். 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவராக்கப்பட்டார். அவ்வாண்டே ஐரோப்பியரை வென்று கோப்பையைக் கைப்பற்றினார். வெற்றிக் களிப்பில், உயர்ந்த குலத்தினர் என்று தம்மைக் கருதிக்கொண்டிருந்தோரே அவரைத் தோள்மீது சுமந்து சென்றனர். அண்ணனுக்கு மண்டபத்தினுள் இடம் மறுத்த சமூகம், முப்பதாண்டுகளுக்குள் தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டது.

பாலூவின் பெயர் மீண்டும் ஒருமுறை பூனாவில் எழுதப்பட்டது. இம்முறை ஓட்டக் கணக்கேட்டில் அன்று. தாபோடியைத் தழுவி ஓடும் முளா ஆறு, முத்தாவோடு கூடிய பின்னர் எரவாடாவை அடைகிறது. அங்குள்ள சிறையில் 1932 செப்டம்பரில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தபொழுது, அம்மாதம் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அவ்வொப்பந்தத்தில் டாக்டர் அம்பேத்கரோடும், நம் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசன், எம். சி. இராஜா ஆகியோரோடும் கையெழுத்திட்டோருள் பாலூவும் ஒருவர். திங்களுக்கு 4 ரூபாய்க் கூலிக்குப் பூனாவில் தரை கூட்டியவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் நாட்டின் அரசியல் ஆவணம் ஒன்றில் கைச்சாத்திட்டார்.

காந்தியடிகளின் கேள்வி

பாலூவும் விட்டலும் போராடியது இந்து அணியினுள் உரிய இடம் பெறுதற்கு. ஆயின் இந்து அணி, முஸ்லிம் அணி, பார்சி அணி, ஐரோப்பிய அணி என்று ஆட்டத்தைச் சமயவாரியாகப் பிரித்ததே முறைதானா என்னும் கேள்வி நாளடைவில் வலுப்பெற்றது. உப்புச் சத்தியாக்கிரகமும் சட்டமறுப்பும் நிகழ்ந்த 1930 முதல் 1933 வரை நால்வர் போட்டி நடைபெறவே இல்லை. பின்னர் மீண்டும் தொடங்கி, 1937-இல் ஐந்தாவது அணியையும் சேர்த்து ஐவர் போட்டியாக வளர்ந்தது. திரள் திரளாக மக்கள் கூடினர். வகுப்புப் பகைமையும் உடன் வளர்ந்தது.

1940 டிசம்பரில், தனிநபர் சத்தியாக்கிரகத்தில் தலைவர்கள் பலர் சிறை புகுந்திருந்த வேளையில், இந்து ஜிம்கானாவைச் சார்ந்தோர் வார்தா சென்று காந்தியடிகளின் கருத்தைக் கேட்டனர். நாடு துயருற்றிருக்கும்பொழுது இக்கேளிக்கை வேண்டியதில்லை என்றார் அண்ணல். அத்தோடு அமையாமல், கல்லூரிக்கும் கல்லூரிக்கும் போட்டி நிகழ்வதன் பொருள் விளங்குகிறது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் பார்சிக்கும் தனித்தனி அணி எதற்கு என்பதுதான் தமக்கு விளங்கவில்லை என்னும் கருத்தையும் தெரிவித்தார். அவர் சொல்லை ஏற்றோரும் உண்டு. கிரிக்கெட்டில் காந்திக்கு என்ன வேலை என்று சினந்தோரும் உண்டு. ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் எழுந்த 1942-இல் மீண்டும் போட்டி நின்றது. 1945-ஆம் ஆண்டுப் பருவத்தோடு அது முற்றும் மறைந்தது. மாநிலம் மாநிலமாக ஆடும் ரஞ்சிக் கோப்பையே நிலைத்தது.

சங்கம் அமைத்து வாழும் நாமும் இக்கேள்வியை நம்மை நோக்கியே கேட்டுக்கொள்ளல் நலம். மொழியால் ஒன்றுகூடுதல் தவறன்று. தாய்மொழியை மறந்தவன் பிறமொழியையும் மதிக்கமாட்டான். ஆயின் நம் சங்கத்தின் வாயிலில் யாருக்கேனும் மட்குவளை வைத்திருக்கிறோமா? சாதி கேட்டு, ஊர் கேட்டு, செய்யும் தொழில் கேட்டு, ஒருவரை மண்டபத்தின் உள்ளும் மற்றொருவரை வெளியிலும் நிறுத்துகிறோமா? வைத்திருப்போமாயின், பாலூவின் வரலாற்றைப் படித்தும் நாம் ஒன்றும் கற்றவர் ஆகோம்.

வெல்லாமல் விட்ட கோப்பை

நாடு விடுதலை பெற்ற பின்னர், இதே பூனாவில், தமிழ் இளைஞர் இருவரை நடுநாயகமாகக் கொண்டு மற்றொரு நிகழ்ச்சி அமைந்தது. டேவிசுக் கோப்பை என்பது நாடுகளுக்கிடையே நிகழும் டென்னிசுப் போட்டியில் தலையாயது. இராமநாதன் கிருஷ்ணன் முன்னின்று ஆட, 1966-இல் இந்தியா முதன்முறையாக இறுதியாட்டத்தை எட்டி ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. எட்டாண்டுகளுக்குப் பின், சென்னையைச் சார்ந்த ஆனந்த் அமிர்தராஜ், விஜய் அமிர்தராஜ் என்னும் உடன்பிறந்தார் இருவரும் அவ்வழியில் வந்தனர். 1974-இல் அவர்கள் ஆடிய இந்திய அணி கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை வென்றது. செப்டம்பரில் பூனாவில் சோவியத்து நாட்டையும் வென்று இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. எதிர்நிற்கும் நாடு தென்னாப்பிரிக்கா.

தென்னாப்பிரிக்கா என்றதும் தமிழர் நெஞ்சில் எழவேண்டிய நினைவுகள் பல. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருள் தமிழர் மிகுதி. காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று, நோயுற்று, 1914-இல் இளமையிலேயே உயிர் துறந்தவர் தில்லையாடி வள்ளியம்மை. அந்நாட்டு அரசு நிறவெறியையே சட்டமாக்கி வைத்திருந்தது. அங்கே பாப்வா சீவ்கோலம் என்னும் இந்திய வழியினர் ஒருவர் கோல்ஃப் ஆட்டத்தில் வல்லவர். ஏவலராக மட்டைகளைச் சுமந்து ஆட்டம் கற்றவர் அவர். 1963-இல் டர்பனில் நிகழ்ந்த நேட்டால் போட்டியில் வெள்ளையரை வென்றார். பரிசளிப்பு வேளையில் மழை பெய்தது. வெள்ளையர் அனைவரும் மண்டபத்தினுள் இருந்தனர். வென்றவரோ உள்ளே வர உரிமையின்றி வெளியே மழையில் நின்று தம் பரிசைப் பெற்றார். பூனாவின் மட்குவளையும் டர்பனின் மழையும் ஒரே நோயின் இரு குறிகள் அல்லவா?

அத்தகைய நாட்டின் அணியோடு கைகுலுக்கி ஆடுவதில்லை என்று இந்தியா முடிவு செய்தது. இறுதியாட்டம் நிகழாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. வெல்லும் வாய்ப்பு நமக்கு மிகுதியாக இருந்தது என்று அமிர்தராஜ் உடன்பிறந்தார் பின்னாளில் பலமுறை கூறியிருக்கின்றனர். அப்பொழுது ஆனந்துக்கு வயது 22, விஜய்க்கு 20. பின்னர் 1987-இல் விஜய் மீண்டும் ஒருமுறை இறுதியாட்டம் வரை அணியை இட்டுச் சென்றார். சுவீடனிடம் தோல்வியே கிட்டியது. டேவிசுக் கோப்பை இன்றுவரை இந்தியாவுக்கு வரவில்லை.

இதில் நாம் மறைக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. 1920-இல் துறந்தவர்கள் தாமே முடிவு செய்து துறந்தவர்கள். 1974-இல் முடிவு செய்தவர்கள் அரசினரும் சங்கத்தினரும்; இழந்தவர்கள் இளைஞர்கள். கொள்கை உயர்ந்தது, ஆயினும் அதன் விலையைச் செலுத்தியது யாருடைய கை என்பதை நாடு நன்றியோடு நினைத்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி வீழ்ந்து, 1994-இல் மண்டேலா தலைமையில் அனைவருக்கும் உரிய அரசு மலர்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. உலகம் அந்நாட்டைத் தன் ஆடுகளங்களிலிருந்து விலக்கி வைத்ததும் அவற்றுள் ஒன்று. அதில் நம் இளைஞர் இருவரின் பங்கும் உண்டு. வெற்றிக் கோப்பைகளை அடுக்கி வைக்கும் பேழையில் வெறுமையாக விடப்பட்ட அந்த இடமும் நமக்கு ஒரு பெருமையே.

காவிரியும் ககுஞ்சேயும்

இறுதியாக, நாமே கண்ணால் கண்ட நிகழ்ச்சிக்கு வருவோம். 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழகத்தின் பங்கு 177.25 ஆயிரம் மில்லியன் கன அடியாகக் குறைக்கப்பட்டது. தீர்ப்பைச் செயற்படுத்தும் அமைப்பும் குறித்த காலத்தில் அமைக்கப்படவில்லை. தமிழகம் கொதித்தது. அந்நேரத்தில், ஈராண்டுத் தடை நீங்கிச் சென்னை அணி ஐ.பி.எல். போட்டிக்குத் திரும்பியிருந்தது. உழவர் கண்ணீர் வடிக்கையில் சேப்பாக்கத்தில் கேளிக்கையா என்று கேட்டு ஏப்ரல் 10-ஆம் நாள் ஆர்ப்பாட்டங்கள் நிகழ்ந்தன. களத்தினுள் காலணிகளும் வீசப்பட்டன. எஞ்சிய ஆட்டங்களுக்குப் பாதுகாப்பளித்தல் அரிது என்ற நிலையில் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேயின் ககுஞ்சே அரங்கத்துக்கு மாற்றப்பட்டன.

சென்னையிலிருந்து தனி இரயிலேறி, மஞ்சள் ஆடை அணிந்து இளைஞர் கூட்டம் புனே வந்து இறங்கியது. புனே வாழ் தமிழருக்கு அது இருமனப்பட்ட மகிழ்ச்சி. பிறந்த மண்ணின் அணி, நாம் வாழும் மண்ணுக்கு வந்து ஆடுகிறது. ஆனால் காவிரி வறண்டதால் அல்லவா வந்திருக்கிறது! ஆரவாரம் செய்வதா, அயர்வதா என்று அறியாமல் நின்றோர் பலர்.

அப்போராட்டம் சரியா, தவறா? இரு சாராரும் இன்றும் வழக்காடுகின்றனர். காந்தியடிகள் 1940-இல் கூறிய முதற்கருத்தையே சேப்பாக்கத்தில் நின்றோரும் கூறினர்: துயரக் காலத்தில் கேளிக்கை தகாது என்பது அது. உழவனின் இழப்பைக் கண்டு உள்ளம் கொதித்ததில் குறை காண்பதற்கில்லை. ஆயின், தாம் ஆட்டத்தைக் காணாது துறந்து வெற்று இருக்கைகளைக் காட்டியிருந்தால் அது 1920-ஆம் ஆண்டின் வழியாகும். களத்தில் நின்றோர்மீது காலணி எறிந்தது அவ்வழியாகாது. பழியற்ற ஆட்டக்காரனை அவமதித்துப் பெறும் கவனம், கேட்கும் நீதியின் மதிப்பையே குறைத்துவிடுகிறது. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் 2018 ஜூன் முதல் நாள் அறிவிக்கப்பட்டதற்கு நெடிய வழக்கும் உழவரின் விடாமுயற்சியும் காரணமேயன்றி, பறந்து வந்த காலணி காரணமன்று.

அப்பருவத்தின் முடிவில் சென்னை அணியினர் ககுஞ்சே அரங்கின் தரைப் பணியாளர்களை அழைத்துப் பரிசளித்துப் பாராட்டினர் என்னும் செய்தியைப் படித்தபொழுது பாலூவின் நினைவு எழுந்தது. தரை கூட்டுபவனும் உருளை இழுப்பவனும் ஆட்டத்தின் பகுதியே என்பதை இம்மண் உணர்ந்துகொள்ள நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அளவுகோல்

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்து நோக்கும்பொழுது ஓர் அளவுகோல் நமக்குக் கிடைக்கிறது. ஆடுகளத்தில் எழும் எதிர்ப்பு அறப்போரா, ஆரவாரமா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். எதிர்ப்பவன் தன்னுடையது எதனையேனும் இழக்க முன்வருகிறானா? அவன் கேட்பது தனக்கு மட்டுமா, தன்போல் ஒதுக்கப்பட்ட பலருக்குமா? விட்டலும் சிவராமும் தம் இடத்தை இழந்தனர். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் கையுறை அணிந்த முட்டியை உயர்த்திய டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்னும் கறுப்பின வீரர் இருவரும் போட்டியைவிட்டே வெளியேற்றப்பட்டனர். கேப்பர்னிக் தம் தொழிலையே இழந்தார். இவர்களுள் ஒருவரும் தம் நாட்டை வெறுத்தவர் அல்லர். நாடு இன்னும் நல்லதாக வேண்டும் என்று விரும்பியவர்கள். அவ்விருப்பத்திற்குத் தாமே விலை கொடுத்தவர்கள்.

நாட்டுப்பற்று இருவகைப்படும். நாடு எதைச் செய்தாலும் கைதட்டுவது ஒருவகை. நாடு தவறும்பொழுது அன்போடு தடுத்து நிறுத்துவது மற்றொரு வகை. முன்னது எளிது, பின்னது அரிது. பெற்ற தாயின் பிணியை மறைப்பவன் மகன் அல்லன். மருத்துவரிடம் அழைத்துச் செல்பவனே மகன். பாலூவின் குடும்பத்தார் இந்திய விளையாட்டுக்கு அம்மருத்துவத்தைச் செய்தனர்.

நம் பிள்ளைகள் மாலை வேளைகளில் மட்டையும் பந்தும் ஏந்தித் தெருமுனைக்கு ஓடுகின்றனர். மராத்தியர் வீட்டுப் பிள்ளையும், தமிழர் வீட்டுப் பிள்ளையும், வடநாட்டார் வீட்டுப் பிள்ளையும் அங்கே ஒரே பந்தைத் துரத்துகின்றனர். அவர்களுக்கு ஓட்டக் கணக்குகளைச் சொல்லிக் கொடுக்கப் பலர் இருக்கின்றனர். ஆட்டம் முடிந்து தாகத்தோடு வரும்பொழுது அனைவருக்கும் ஒரே குவளையில் தண்ணீர் கொடுப்பது மட்டும் நம் பொறுப்பு. அதனை நாம் தவறாது செய்வோமாயின், பால்வங்கர் பாலூ பூனா மண்டபத்தின் வெளியே நின்ற நாள்கள் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.